ஒரு கைப்பிடி நொய்யரிசி

என் சமையலை யாராவது குறை சொன்னால் எனக்கு ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்தது அத்தனைக்கும் என்னுடைய இந்தப் புத்திதான் காரணம். கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் மயில்சாமி ஒருநாள் குழம்பில் உப்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார். மூன்று நாள் அவரோடு நான் பேசவில்லை. இருபத்துநாலு வருஷம் ஓடிவிட்டது, அதற்கப்புறம் மனுஷன் உப்பைப் பற்றி வாயே திறந்ததில்லை.

அமெரிக்காவில், எடிசன் ஊரில் எங்கள் அபார்ட்மென்ட் சமையலறையிலிருந்து தினமும் இருபது பேருக்கு மதியச் சாப்பாடு போகிறது. எல்லோரும் ஐசலினில், மெட்ரோபார்க் ஸ்டேஷனை ஒட்டிய ஆபீஸ்களில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர்கள். பத்தொன்பது டப்பாவில் வழக்கமான சாப்பாடு. இருபதாவது டப்பாவுக்கு மட்டும் பச்சை மூடி. அது செழியனுடையது. செழியனுக்குச் சர்க்கரை.

முப்பத்தெட்டு வயது, பெருந்துறைக்காரர். எங்கள் காங்கேயத்துக்குப் பக்கம்தான் என்பதால் முதல் நாளிலிருந்தே எனக்கு அவர் தம்பி, அவருக்கு நான் அக்கா. வீடு வெஸ்ட் வின்ட்சரில். அவர் மனைவி வெண்பாதான் என்னிடம் முதலில் போனில் பேசினாள்.

"அக்கா, அவருக்கு வெள்ளை அரிசி வேண்டாங்க. சாமையோ வரகோ போடுங்க. கிழங்கு வேண்டாம், வெல்லம் சுத்தமா வேண்டாம். காலைலயும் நைட்டும் நான் பார்த்துக்கறேன். மத்தியானம்தான் என் கையில இல்லீங்க."

"நீ விசனப்படாத கண்ணு. நானாச்சு" என்றேன்.

நானாச்சு என்று நான் சொன்ன அந்தக் குரல் இப்போதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அப்படி ஒரு பெருமை அதில்.

முதல் ஒரு மாதம் நேர்மையாகத்தான் செய்தேன். சாமையைக் கழுவி, ஊறவைத்து, அளவாகத் தண்ணீர் வைத்து வேகவைத்தேன். காய் மூன்று வகை. ஆனால் மத்தியானத்துக்குள் சாமைச் சோறு வறவறவென்று காய்ந்துபோகும். மறுநாள் டப்பாவைத் திரும்ப வாங்கும்போது பாதி அப்படியே இருக்கும். பத்தொன்பது டப்பா கழுவித் துடைத்த மாதிரி வரும், பச்சை மூடி மட்டும் கனமாக வரும். அந்தக் கனம் என் கையில் அல்ல, நெஞ்சில்தான் ஏறும்.

"என்னங் தம்பி, பிடிக்கலீங்களா?" என்று கேட்டேன்.

"அப்படியெல்லாம் இல்லீங்க அக்கா. ஹெல்த்தியாத்தானே இருக்கு" என்றார்.

ஹெல்த்தி! இருபத்துநாலு வருஷமாகச் சமைக்கிறவளைப் பார்த்துச் சொல்கிற வார்த்தையா இது? "வாயில வைக்க முடியலை" என்று சொல்லியிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

மறுநாள் பொன்னி அரிசியை மிக்ஸியில் போட்டு இரண்டு சுற்று விட்டேன். நொய்யாக உடைந்தது. அதில் ஒரு கைப்பிடி எடுத்துச் சாமையோடு கலந்து வடித்தேன். பார்த்தால் எது சாமை, எது நொய் என்று எனக்கே தெரியவில்லை. சோறு பூப்போல வந்தது. வத்தக்குழம்பில் நெல்லிக்காய் அளவு வெல்லம் கிள்ளிப் போட்டேன். ஒரு கைப்பிடியில், ஒரு கிள்ளில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். பாதிச் சோற்றை மிச்சம் வைத்துவிட்டுப் பசியோடு கிடப்பதும் உடம்புக்குக் கெடுதிதானே என்று எனக்கு நானே ஒரு நியாயமும் கண்டுபிடித்துக்கொண்டேன்.

மறுநாள் அந்த டப்பா காலியாக வந்தது. சாப்பிட்ட அன்றைக்கே வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்திருந்தது: "அக்கா, இன்னைக்குச் சாப்பாடு வேற லெவல்!" அதை நான் மயில்சாமியிடம் இரண்டு தடவை படித்துக் காட்டினேன்.

அப்புறம் ஒரு கைப்பிடி இரண்டானது. சாமையைக் கழுவி ஊறவைக்க நேரமில்லாத நாட்களில் பாதிக்குப் பாதி. கூட்டு கெட்டியாக வர ஒரு உருளைக்கிழங்கை மசித்துவிடுவேன். ருசியாக இருக்கிறதே என்று சோற்றையும் அமுக்கி வைத்தேன். இது போன வருஷம் மே மாதம் ஆரம்பித்தது. கை ஒருநாளும் கூசவில்லை.

செழியனுடைய வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இருபத்திரண்டு பேர் கொண்ட டீமுக்கு அவர்தான் லீட். காலை ஆறரைக்குச் சென்னை ஆட்களோடு மீட்டிங் ஆரம்பித்தால், இங்கே இரவாகி, அங்கே விடிந்து அவர்கள் மறுபடி வந்து உட்கார்கிற வரைக்கும் ஓயாது. நான் பன்னிரண்டரைக்கு லாபியில் நின்று போன் பண்ணுவேன். காதில் ஹெட்செட்டோடு லிஃப்டிலிருந்து இறங்குவார். "எஸ், எஸ், வி கேன் டூ தட்" என்று எதிரில் இல்லாத யாருக்கோ சொல்லிக்கொண்டே எனக்குத் தலையாட்டுவார். டப்பாவை வாங்கி, ஒரு விரலை உயர்த்தி, மியூட்டில் போட்டு, "தேங்க்ஸுங்க அக்கா" என்பார். அந்த மூன்று செகண்ட்தான் அவருக்கு ஓய்வு. அவர் உட்கார்ந்து, திரையைப் பார்க்காமல் சாப்பிட்ட நாள் என்று ஒன்று இருந்திருக்குமா, தெரியாது. ஆனால் அந்த வேலை அவருக்குப் பிடித்திருந்தது. பதினோரு வருஷம் காத்திருந்து கிடைத்த லீட் பதவி. கிடைத்த அன்றைக்கு ஆபீஸில் எல்லோருக்கும் எனக்கும் மிக்ஸர் வாங்கித் தந்தார், ஸ்வீட் தனக்கு ஆகாது என்பதால்.

போன வருஷம் கடைசியில் ஒருநாள் முகம் வாடி இறங்கி வந்தார். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை ஏழிலிருந்து எட்டரைக்கு ஏறிவிட்டதாம்.

எனக்கு மிக்ஸிதான் நினைவுக்கு வந்தது. ஆனால் வாய் வேறு பேசியது. "டென்ஷனுங் தம்பி. இப்படி ஓடினா ஏறாம என்ன பண்ணும்?"

"டாக்டரும் அதாங்க சொல்றாரு. ஸ்ட்ரெஸ் இருந்தா சுகர் ஏறுமாம்."

டாக்டரே சொல்லிவிட்டார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. பழியைப் போட ஒரு இடம் கிடைத்தது, அதுவும் படித்தவர் காட்டிய இடம். அன்றிலிருந்து நானும் அதையே பிடித்துக்கொண்டேன். பார்க்கும்போதெல்லாம் "வேலையைக் கொஞ்சம் குறைச்சுக்கங்க தம்பி, உடம்பு முக்கியம்" என்பேன். அக்கறைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த அக்கறைக்கு அடியில் என்ன ஒளிந்திருந்தது என்று எனக்குத் தெரியும். அன்றே நொய்யை நிறுத்தியிருக்கலாம். இரண்டு நாள் நிறுத்தியும் பார்த்தேன். டப்பா பாதி திரும்பி வந்தது. மூன்றாம் நாள் மிக்ஸியை எடுத்துவிட்டேன்.

இந்தச் செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை. செழியன் ஹெட்செட் இல்லாமல் இறங்கி வந்தார். அப்படி அவரைப் பார்த்ததே இல்லை. லாபி சோபாவில் உட்கார்ந்து, என்னையும் உட்காரச் சொன்னார்.

"மூணு மாசச் சர்க்கரை ஒம்பதரை வந்திருச்சுங்க அக்கா. ரெண்டு வாரமா மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி இன்சுலின் ஊசி போட்டுக்கறேன். பாத்ரூம்ல போயி நின்னு போட்டுக்கறனுங்க, யாரும் பார்த்துடக் கூடாதுன்னு."

சோபாவில் வைத்திருந்த பச்சை மூடி டப்பாவைப் பார்த்தேன்.

"காலைல வெறும் வயித்துல பார்த்தா பரவால்ல. மூணு மணிக்குப் பார்த்தாத்தான் எகிறுது. மத்தியானம் சாமைதானே சாப்பிடறீங்க, வேற என்ன சாப்பிடறீங்கன்னு டாக்டர் கேக்கறாரு. ஆபீஸ்ல டோனட் வாங்கித் தின்னுட்டுப் பொய் சொல்றேன்னு வெண்பா நினைக்கறா. போன வாரம் கார் சீட்டுக்கு அடியில கவர் கிடக்குதான்னு தேடிட்டு இருந்தா. நான் பார்த்துட்டேன். பார்க்காத மாதிரி உள்ள போயிட்டனுங்க."

"தம்பி..."

"சாமி சத்தியமா நான் எதுவும் திங்கறதில்லீங்க அக்கா. வேலைதான் காரணம். வேற என்ன இருக்கு சொல்லுங்க? அதனால திங்கட்கிழமை மேனேஜர்கிட்டச் சொல்லிடப் போறேன். லீட் வேண்டாம். கௌசிக்னு ஒரு பையன் இருக்கான், அவன்கிட்டக் குடுத்துட்டு நான் சும்மா சப்போர்ட் வேலைக்குப் போயிடறேன். என் உடம்பு இந்த வேலைக்குத் தாங்கலைன்னு ஒத்துக்க வேண்டியதுதான்."

எழுந்து டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டார். "நான் ஒழுங்காச் செய்யற ஒரே விஷயம் உங்க சாப்பாடுதாங்க அக்கா" என்று சொல்லிவிட்டு லிஃப்டுக்குப் போனார்.

அப்போது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். "தம்பி, அந்த டப்பாவைக் குடுங்க" என்று பிடுங்கியிருக்க வேண்டும். லிஃப்ட் கதவு மூட ஐந்து செகண்டாவது ஆகியிருக்கும். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். என் சமையலை நான் காட்டிக் கொடுக்க வேண்டுமே என்பதுதான் அந்த ஐந்து செகண்டும் எனக்குள் ஓடியது. தூ என்று என் மேலேயே துப்பத் தோன்றுகிறது இப்போது.

காரில் உட்கார்ந்து ஒரு வழி யோசித்தேன். யாருக்கும் எதையும் சொல்ல வேண்டாம். நாளையிலிருந்து நொய் இல்லை, வெல்லம் இல்லை, கிழங்கு இல்லை. சர்க்கரை தானாக இறங்கும். இறங்கினால் அவர் வேலையை விட வேண்டியதில்லை, வெண்பாவும் சந்தேகப்பட வேண்டியதில்லை. நான் செய்தது நான் மட்டும் அறிந்ததாகவே போகும். இப்படி ஒரு நல்ல யோசனை இத்தனை நாள் வரவில்லையே என்று சந்தோஷம்கூடப் பட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் அப்படியே செய்தேன். வெறும் சாமை, அதுவும் வழக்கத்தில் பாதிதான். பீன்ஸ் பொரியல், சுரைக்காய்க் கூட்டு, வெல்லமில்லாத குழம்பு. பச்சை மூடியை அழுத்தி மூடும்போது மனசு லேசாக இருந்தது. ஒரு வருஷப் பாவத்தை ஒரே டப்பாவில் கழுவிவிட்ட நினைப்பு எனக்கு. அன்று செழியன் மறுபடியும் ஹெட்செட்டோடுதான் வந்தார், அவசரமாக வாங்கிக்கொண்டு போனார்.

மூன்று மணிக்கு வெண்பாவின் போன் வந்தது. பின்னால் ஆஸ்பத்திரிச் சத்தம்.

"அக்கா, இவரு மீட்டிங்ல பேசிட்டு இருக்கும்போதே வாய் குழறி, வேர்த்து, அப்படியே கீழ விழுந்துட்டாருங்க. ஆம்புலன்ஸ்ல கொண்டுவந்திருக்காங்க. சுகர் நாப்பத்தொண்ணுக்கு இறங்கிருச்சு, எழுபதுக்குக் கீழ போனாலே ஆபத்தாம். ஊசி போட்டுட்டு என்ன சாப்பிட்டாருன்னு டாக்டர் கேக்கறாரு. இன்னைக்கு டப்பாவுல என்னங்க வெச்சீங்க? ஏதாவது மாத்தினீங்களா?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. டாக்டர் கொடுத்த ஊசியின் அளவு என் நொய்க்கும் வெல்லத்துக்கும் கணக்குப் பண்ணிக் கொடுத்த அளவு. அது அவருக்கும் தெரியாது, செழியனுக்கும் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரிந்திருக்க முடியும். நான் யாரிடமும் சொல்லாமல் சோற்றைக் குறைத்துவிட்டேன், ஊசி குறையவில்லை.

"அக்கா? கேக்குதுங்களா? மாத்தினீங்களா?"

"இல்லம்மா" என்றேன். "எப்பவும் வெக்கறதுதான்."

நொய் போட்டது பெருமையில் செய்தது. இது அப்படியில்லை. அங்கே ஒரு ஆள் படுத்துக் கிடக்க, டாக்டர் பதிலுக்குக் காத்து நிற்க, தெரிந்தே சொன்ன பொய். போனை வைத்தபிறகு அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அன்று சாயங்காலம் மயில்சாமியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை.

"டாக்டர் நாளைக்கு மறுபடி ஊசி அளவு எழுதுவாரு வசந்தா. எதை நம்பி எழுதுவாரு? உன்ற பொய்யை நம்பியா?"

உடனே வெண்பாவுக்குப் போன் போட்டேன். அவள் எடுக்கவில்லை. "நாளைக்கு நேர்ல வர்றேன் கண்ணு, நான் வர்ற வரைக்கும் டாக்டரை ஊசி அளவு எதுவும் எழுத வேண்டாம்னு சொல்லு" என்று செய்தி மட்டும் அனுப்பினேன். அதிலும் உண்மையைச் சொல்லவில்லை பாருங்கள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மயில்சாமி கொண்டுபோய் விட்டார். "நீ போய்ச் சொல்லிட்டு வா, நான் கார்லயே இருக்கறேன்" என்றார். கூட வரச் சொல்லிக் கெஞ்சினேன். சீட் பெல்ட்டைக்கூட அவர் கழற்றவில்லை.

செழியன் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கையில் டிரிப்ஸ். வெண்பா நாற்காலியில். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்களாச்சும் சொல்லுங்க அக்கா. ஊசியைப் போட்டுக்கிட்டு, சாப்பாட்டைத் திறந்து வெச்சு நாலு வாய் தின்னுட்டு மீட்டிங்ல போய் உக்காந்துட்டாரு. ஆபீஸ்ல இருந்து டப்பாவைக் குடுத்தனுப்பினாங்க, சோறு அதுலயே மிச்சம் கிடக்குது. உயிரைவிட அந்த மீட்டிங் பெருசா? அப்படி இருக்கறவரு டோனட் திங்கமாட்டாருன்னு நான் எப்படி நம்பறது?"

"பாதிக்கு மேல சாப்பிட்டேன் வெண்பா" என்றார் செழியன். பல தடவை சொல்லிச் சலித்த குரல். "நேத்து இறங்கலை. காய்ஞ்சாப்ல இருந்துச்சு. அதான்." என் பக்கம் திரும்பிச் சிரிக்கப் பார்த்தார். "தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. மேனேஜருக்கு நேத்தே மெயில் அனுப்பிட்டேன். திங்கட்கிழமை வரைக்கும் எதுக்குன்னு படுத்துட்டே அடிச்சுட்டேன். என்னால முடியலை, கௌசிக்குக்குக் குடுத்துடுங்கன்னு. இன்னைக்குக் காலைல ஓகேன்னு பதில் வந்திருச்சு. நீங்களும் போன வருஷத்துல இருந்தே சொல்லிட்டுத்தான் இருக்கறீங்க. நான்தான் கேக்கலை."

நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

"தம்பி, உங்க டப்பாவுல வெறும் சாமை போடலீங்க. நொய்யரிசி கலந்துதான் போட்டேன். வத்தக்குழம்புல வெல்லம். கூட்டுல உருளைக்கிழங்கு. ஊசி ஆரம்பிச்சப்புறம் நேத்து ஒருநாள்தான் எதுவும் கலக்காமப் போட்டேன். மாத்தினீங்களான்னு வெண்பா கேட்டப்ப இல்லைன்னு பொய் சொன்னேன்."

வெண்பா என் கையை விட்டுவிட்டாள்.

"எவ்வளவு?" என்று கேட்டாள்.

"பாதிக்குப் பாதி."

"எத்தனை நாளா?"

"போன வருஷம் மே மாசத்துல இருந்து."

வெண்பா என்னைத் திட்டுவாள், கத்துவாள் என்று நின்றேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. புருஷனைத்தான் பார்த்தாள்.

"நான் உங்க கார்ல..." என்று ஆரம்பித்தாள், முடிக்கவில்லை.

"தெரியும்" என்றார் செழியன்.

"தெரிஞ்சும் ஏங்க ஒண்ணும் கேக்கலை?"

"கேட்டா மட்டும் நம்பியிருப்பியா?"

அவள் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் "டாக்டர் வந்ததும் நானே எல்லாத்தையும் சொல்றேன், அளவோட சொல்றேன்" என்றேன். "மன்னிச்சுடுங்க தம்பி, டப்பா பாதி திரும்பி வந்தது எனக்குப் பொறுக்கலை" என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். சொல்லச் சொல்ல ஒவ்வொன்றும் எனக்கே அற்பமாகக் கேட்டது. ஒரு மனுஷனுடைய ஒரு வருஷத்தை எடுத்துக்கொண்டு அதற்குக் காரணம் காலி டப்பா என்று சொல்கிறேன்.

செழியன் கோபப்பட்ட மாதிரி தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்க்கிங் லாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதையோ ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்து எடுத்து வைப்பது போல நெற்றி சுருங்கியது. கடைசியில் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப என்ற உடம்பு தாங்கியிருக்குமுங்களா அக்கா? அந்த வேலையை நான் பார்த்திருக்கலாமுங்களா?"

என்னைத்தான் கேட்டார். உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அது தெரியாது, டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்று தப்பித்திருக்கலாம். என்னால் முடியவில்லை.

"பார்த்திருக்கலாமுங் தம்பி" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு டிரிப்ஸ் இல்லாத கையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது, சத்தமே வரவில்லை. வெண்பா எழுந்து வந்தாள். என்னைப் போகச் சொல்லவில்லை, கதவை மட்டும் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.